வழக்கை எந்த ஊரில் போடுவது?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் அக்கா ஒன்று சொன்னார். "சட்டம்னு சொன்னாலே எங்க பொம்பளைங்களுக்குத் தூக்கம் வந்துடும். எங்களுக்கு உபயோகப்படற மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, போதும்." நானும் ஒரே ஒரு விஷயத்தோடுதான் வந்திருக்கிறேன். அரசாங்கத்தோடு அல்லது அரசு நிறுவனத்தோடு நாம் ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறோம். அதில் தகராறு வந்தால் எந்த ஊரில், எந்த வாசலில் போய் நிற்பது? இதுதான் இன்றைய பேச்சு.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு நமக்குத் தேவையே இருக்கவில்லை. வாரச் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், திருப்பிச் செலுத்துதல், இதோடு குழு நின்றது. இன்றைக்கு அப்படியா? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அடுப்படியில் நிற்பது நம் குழுப் பெண்கள். அலுவலகங்களில் கேன்டீன் நடத்துகிறோம். துணிப்பை தைக்கிறோம், சீருடை தைக்கிறோம், கடலை மிட்டாய் போட்டுக் கொடுக்கிறோம், துப்புரவுப் பணிக்கு ஆள் அனுப்புகிறோம். பணி ஆணை என்று ஒரு காகிதம் வருகிறது. ஒப்பந்தம் என்று பத்துப் பதினைந்து பக்கம் வருகிறது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கிறோம். அந்தப் பக்கங்களுக்கு நடுவே ஒரு வரி இருக்கும். விலை எவ்வளவு, எத்தனை நாளில் கொடுக்கணும் என்பதையெல்லாம் நாலு தடவை படிக்கிற நாம், அந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

அந்த வரி எப்படி இருக்கும் தெரியுமா? "இந்த ஒப்பந்தம் தொடர்பான எல்லாத் தகராறுகளும் சென்னையில் உள்ள நீதிமன்றங்களின் அதிகார வரம்புக்கு மட்டுமே உட்பட்டவை." இவ்வளவுதான்.

இது என்ன செய்யும் என்பதற்கு என்னிடம் வந்த ஒரு குழுவைச் சொல்கிறேன். ஊர் பேரும் சொல்லப் போவதில்லை, எந்த நிறுவனம் என்றும் சொல்லப் போவதில்லை. பதினொரு பெண்கள். ஒரு பொது நிறுவனத்துக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்தார்கள். தலைமை அலுவலகம் சென்னையில். துணி வாங்கவும் இரண்டு தையல் மிஷின் வாங்கவும் வங்கியில் கடன். சரக்கைச் சொன்ன தேதிக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். ஆறு லட்சத்துச் சொச்சம் பில். பதினாலு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. போன் பண்ணினால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள். அடுத்த மாதம் பண்ணினால் "ஃபைல் கீழே வந்திருக்கு" என்பார்கள். இங்கே வங்கித் தவணையோ ஒரு மாதம்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டு பேர் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

உள்ளூரிலேயே வழக்குப் போடலாம் என்று வந்தார்கள். ஒப்பந்தத்தைப் பிரித்தால் அந்த வரி. சென்னை மட்டுமே. நம் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாய்தாவுக்கு ஒரு ராத்திரி பஸ், ஒரு பகல் கோர்ட் வராண்டா, மறு ராத்திரி பஸ். தையலும் நிற்கும், பிள்ளைகளுக்குச் சோறாக்கவும் ஆள் வேண்டும். நம் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் இந்தத் தூரமே நம்மைக் களைக்க வைத்துவிடும். பாதித் தொகை தருகிறோம் என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று தோன்றும். எந்த ஊர் என்ற கேள்வி வக்கீல்களின் நுணுக்கச் சண்டை மட்டும் இல்லை, அது நம் வயிற்றுப்பாடு என்று நான் சொல்வது இதனால்தான். அந்தப் பதினொரு பேருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அடிப்படையைப் பார்ப்போம்.

முதலில் சாதாரண விதி. ஒப்பந்தத்தில் ஊர் பேரே இல்லை என்று வையுங்கள். அப்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு பேசும். எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறதோ, எங்கே தொழில் நடத்துகிறதோ, அங்கே வழக்குப் போடலாம். அல்லது வழக்குக்கான காரணம் முழுவதுமாகவோ ஒரு பகுதியோ எந்த ஊரில் எழுந்ததோ, அங்கேயும் போடலாம். ஒப்பந்தம் உருவான ஊர், வேலையை நிறைவேற்ற வேண்டிய ஊர், பணம் வந்து சேர வேண்டிய ஊர் எல்லாம் இதில் வரும். சாப்பாடு சமைத்துக் கொடுத்தது நம் ஊர் ஆஸ்பத்திரியில் என்றால், நம் ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது ஒப்பந்தத்தில் ஊர் பேர் இருந்தால் என்ன? இதற்கு மூன்று வழக்குகளைச் சொல்கிறேன். மூன்றும் உச்ச நீதிமன்றம் வரை போனவை. பயப்படாதீங்க, கதை மாதிரிதான் சொல்வேன்.

முதலாவது 1971இல். வாரணாசியில் ஹாகம் சிங் என்பவர் காமன் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனி மேல் வழக்குப் போனார். ஒப்பந்தத்தில் பம்பாய் நீதிமன்றத்துக்கு மட்டும்தான் அதிகாரம் என்று எழுதியிருந்தது. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? சட்டப்படி இரண்டு ஊருக்கு அதிகாரம் இருந்தால், அதில் ஓர் ஊரை இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் சட்டப்படி அதிகாரமே இல்லாத ஊருக்கு, நாம் எழுதி வைத்துக்கொண்டதால் அதிகாரம் வந்துவிடாது. கம்பெனியின் தலைமையிடம் பம்பாய் என்பதால் அவர் பம்பாய்க்குத்தான் போக வேண்டியிருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: ஒப்பந்தம் இங்கே, வேலை இங்கே, அலுவலகம் சென்னையில் என்றால், சென்னை என்று எழுதினால் செல்லும். சம்பந்தமே இல்லாத ஓர் ஊரை எழுதினால் கோர்ட் வழக்குக்கு அது செல்லாது.

இரண்டாவது வழக்கு நம் பக்கத்து ஊர், சேலம். சேலத்தில் ஒரு ஏஜென்சி. குஜராத்தில் ஏபிசி லாமினார்ட் என்ற கம்பெனி. உலோக இழை நூல் வாங்குவது பற்றிய ஒப்பந்தம். தகராறு வந்தால் கைரா நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. கைரா குஜராத்தில் இருக்கிறது. சேலத்துக்காரர் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இங்கே அதிகாரம் இல்லை என்றது கீழ்க் கோர்ட். இருக்கிறது என்றது சென்னை உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் 1989இல், சேலத்தில் நடத்தலாம் என்று முடித்தது. காரணம் என்ன தெரியுமா? அந்த வரியில் "மட்டும்" என்ற சொல் இல்லை. கைரா என்று சொல்லியிருந்தார்களே தவிர, மற்ற ஊர்களை அடைக்கவில்லை. பாருங்க, ஒரு சின்னச் சொல். 1970களில் நடந்த வியாபாரம். எந்த ஊரில் விசாரிப்பது என்று தீரவே 1989 ஆகிவிட்டது. பணம் உண்டா இல்லையா என்ற விசாரணை அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் "மட்டும்" இல்லை என்றால் நாம் தப்பித்தோம் என்று நினைக்காதீங்க. மூன்றாவது வழக்கு அதைத்தான் சொல்கிறது. ஜெய்ப்பூரில் ஸ்வஸ்திக் கேஸஸ் என்ற கம்பெனி, எதிரே இந்தியன் ஆயில் என்ற பொதுத்துறை நிறுவனம். ஒப்பந்தத்தில் கொல்கத்தா நீதிமன்றங்களின் வரம்புக்கு உட்பட்டது என்று மட்டும் இருந்தது. "மட்டுமே" என்ற சொல் கிடையாது. ஜெய்ப்பூர்க்காரர் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2013இல் உச்ச நீதிமன்றம், இரண்டு தரப்பும் ஓர் ஊரைக் குறிப்பிட்டு எழுதியதே மற்ற ஊர்களை விலக்கத்தான், "மட்டும்" என்று எழுதாததால் வித்தியாசம் வராது, கொல்கத்தாவுக்குப் போங்கள் என்றது. ஆகையால் இன்றைய நிலை இதுதான்: ஊர் பேர் எழுதியிருந்தால், பெரும்பாலும் அந்த ஊர்தான்.

இன்னொரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கும். "தகராறுகள் நடுவர் மூலம் தீர்க்கப்படும், நடுவர் விசாரணையின் இருக்கை சென்னை" என்று. ஆர்பிட்ரேஷன் என்று சொல்வார்களே, அதுதான். இந்த வரி இருந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, நடுவரிடம்தான் போகணும். அந்த "இருக்கை" என்ற சொல்லைக் கவனியுங்க. எந்த ஊரை இருக்கை என்று எழுதுகிறோமோ, நடுவர் விஷயமாக எந்தக் கோர்ட்டுக்குப் போவதென்றாலும் அந்த ஊர்க் கோர்ட்டுதான். அந்த ஊரில் வேலை எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோர்ட் வழக்குக்கு நான் முன்பு சொன்ன விதியும் இதுவும் வேறு வேறு. கலந்துவிடாதீங்க. சில ஒப்பந்தங்களில் "எங்கள் நிர்வாக இயக்குநரே நடுவரை நியமிப்பார்" என்று இருக்கும். சண்டையில் ஒரு பக்கம் நிற்கிறவரே பஞ்சாயத்துக்காரரையும் தேர்ந்தெடுப்பது நியாயமா? பொது நிறுவன ஒப்பந்தங்களில் இப்படி ஒரு தரப்பே நடுவரை நியமிப்பது அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு விரோதம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. அப்படி யாராவது நியமித்தால் வாயை மூடிக்கொண்டு போய் உட்காராமல், எழுத்தில் ஆட்சேபம் சொல்லுங்க.

சரி, அந்தப் பதினொரு பெண்களிடம் வருவோம். ஒப்பந்தம் சென்னையைக் காட்டுகிறது. அவர்கள் கையில் இன்னொரு காகிதம் இருந்தது. உத்யம் பதிவுச் சான்றிதழ். ஆர்டர் வாங்குவதற்கு முன்னாடியே, வங்கி மேனேஜர் சொன்னார் என்று எடுத்து வைத்திருந்தார்கள். அது என்ன பலன் தரும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு அதைப் பார்த்ததும் மூச்சு வந்தது.

2006இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதில் நமக்கு முக்கியமானவை நாலு விஷயம்.

ஒன்று, நம்மிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. அரசுத் துறையோ, வாரியமோ, தனியாரோ, வாங்கினவர் வாங்கினவர்தான்.

இரண்டு, இழுத்தால் வட்டி. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி.

மூன்று, சரக்கு கைக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். அதனால்தான் டெலிவரி செலானில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்க என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்.

நான்காவதுதான் இன்றைய பேச்சின் உயிர். பணம் வரவில்லை என்றால் குறு, சிறு தொழில் நிறுவனங்களுக்கான வசதியாக்கல் மன்றத்தில் மனு செய்யலாம். எந்த ஊர் மன்றம்? பொருள் கொடுத்தவர் எந்த மன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறாரோ, அந்த மன்றம். வாங்கினவர் இந்தியாவில் எந்த மூலையில் இருந்தாலும் சரி என்று 18ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதாவது, இத்தனை நேரம் நாம் அவர்கள் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசினோம் இல்லையா? இங்கே அவர்கள் நம் பக்கத்துக்கு வரணும். நம் மாநிலத்தில் சென்னை தவிர கோயம்புத்தூர், மதுரை, திருச்சியிலும் இந்த மன்றம் இருக்கிறது. நம் மாவட்டம் எதன் கீழ் வருகிறது, இணையத்தில் எப்படி விண்ணப்பிப்பது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மன்றம் முதலில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமரசம் பேசும். ஒத்துவரவில்லை என்றால் நடுவராக இருந்து தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கினவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர், வேறு ஊர் என்று எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலே நிற்கும் என்று 2022இல் குஜராத் மாநிலக் குடிமைப்பொருள் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்தப் பதினொரு பெண்களும் மனுப் போட்டார்கள். நோட்டீஸ் போன பிறகு, இத்தனை நாள் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டிருந்த ஃபைல் ஓர் இடத்தில் நின்றது. சமரசப் பேச்சிலேயே அசல் முழுவதும் வந்தது. வட்டியில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தார்கள். அடகு வைத்த தோடும் திரும்பி வந்தது.

இதில் மூன்று எச்சரிக்கை. பதிவு ஒப்பந்தத்துக்கு முன்பே இருக்க வேண்டும் என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. அதைப் பற்றி வாதங்கள் இன்னும் நடக்கின்றன. நாம் அந்த வாதத்துக்கே இடம் கொடுக்க வேண்டாம், முன்னாடியே பதிவு செய்துவிடுவோம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, சுய உதவிக் குழு என்றே அந்தப் படிவத்தில் ஒரு வகை இருக்கிறது. யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீங்க. அடுத்து, நாம் தயாரித்த பொருளாகவோ செய்த சேவையாகவோ இருக்கணும். கடையில் வாங்கி அப்படியே விற்றால் இந்த வழி கிடைப்பது கஷ்டம். கட்டட வேலை, ரோடு வேலை மாதிரி ஒப்பந்தங்களிலும் எதிர்த்தரப்பு ஆட்சேபம் கிளப்பும். அதற்கு முன்கூட்டியே ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்க.

இதுவரை பேசியது, வேலை செய்து பணம் வராத கதை. டெண்டரே நமக்குக் கிடைக்காமல் போனால்? அல்லது காரணமே சொல்லாமல் பாதியில் நிறுத்தினால்? அதற்கு வாசல் வேறு.

தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டர் முடிவால் பாதிக்கப்பட்டவர், அந்த உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். பத்தே நாள். கூட்டம் போட்டு, தீர்மானம் போட்டு, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று விட்டால் போயிற்று.

அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். அரசு அநியாயமாக, பாரபட்சமாக நடந்தது என்றால் அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்படி ரிட் மனு. இங்கேயும் எந்த ஊர் என்ற கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. அரசியலமைப்பு வந்த புதிதில், அதிகாரி எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அந்த மாநில உயர் நீதிமன்றம்தான் உத்தரவு போட முடியும் என்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் டெல்லியிலிருந்த தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவு போட முடியாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லியிலிருந்து ஓர் உத்தரவு வந்தால், கன்னியாகுமரிக்காரரும் வடக்கே ரயில் ஏறணும். இது அடுக்காது என்று 1963இல் பதினைந்தாவது திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு, வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி எங்கே எழுந்தாலும் அந்த உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தூரம் ஏழைக்குத் தண்டனை ஆகக் கூடாது என்பதற்காக அரசியலமைப்பையே திருத்தியிருக்கிறார்கள். நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

2004 ஜூலை 24 முதல் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. திண்டுக்கல், மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, கரூர், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அதுதான். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்று மட்டும்: டெண்டர் விஷயத்தில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது. விலை கூடுதலா குறைச்சலா என்று பார்க்காது. முறை தவறியதா, வேண்டியவருக்கு வளைத்தார்களா என்றுதான் பார்க்கும். சரக்கு கொடுத்தோம், இல்லை கொடுக்கவில்லை என்று சாட்சி விசாரிக்க வேண்டிய பணத் தகராறு என்றால், சிவில் கோர்ட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிடுவதே வழக்கம்.

சிவில் கோர்ட்டுக்குப் போகிறோம் என்றால் போகும் முன் செய்ய வேண்டியவை சில. அரசாங்கத்தின் மேல் வழக்கு என்றால், 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ். அரசுச் செயலாளர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ கொடுக்கலாம். ஆட்சியர் அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. ரொம்ப அவசரம் என்றால் கோர்ட்டின் அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலும் போகலாம். சரக்கு, சேவை ஒப்பந்தமாக இருந்து தொகை 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அது வணிக நீதிமன்ற வழக்கு. அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசம் பேசியாக வேண்டும், அவசர உத்தரவு கேட்கிற வழக்குக்கு மட்டும் விலக்கு. பண வழக்குகளுக்குப் பொதுவாகக் காலக்கெடு மூன்று வருஷம். "தர்றோம் தர்றோம்" என்று வாயால் சொன்னதை நம்பி மூன்று வருஷத்தைத் தாண்டவிட்டால், எந்த ஊர் என்ற கேள்வியே வேண்டியதில்லை, எந்த ஊரிலும் கதவு திறக்காது.

செலவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போய் ஆலோசனை கேளுங்க.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பின் வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: "எங்களுக்கு ஒப்பந்தமே எழுதலைங்க. ஆபீசர் வாயால சொன்னார், செஞ்சு கொடுத்தோம். எங்களுக்கு என்ன வழி?" நல்ல கேள்வி. அரசாங்க ஒப்பந்தம் எழுத்தில், உரிய அதிகாரியால், உரிய முறையில் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 299ஆம் உறுப்பு சொல்கிறது. வாய்ச்சொல் ஒப்பந்தம் ஆகாது. ஆனாலும், இனாமாகச் செய்யாத வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. மேற்கு வங்கத்தில் அதிகாரிகள் சொன்னார்கள் என்று கொட்டகையும் மண் ரோடும் போட்டுக் கொடுத்தவருக்கு, முறையான ஒப்பந்தம் இல்லாமலே 1961இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் கீழ் நியாயம் செய்தது. வழி உண்டு அக்கா. அது சுற்று வழி. அடுத்த முறை எழுத்தில் பணி ஆணை வராமல் அடுப்புப் பற்ற வைக்காதீங்க.

இன்னொரு தங்கை கேட்டார்: "அந்த சென்னை வரியை மாத்தச் சொன்னா ஆர்டரே தராம போயிட்டா?" பயம் நியாயமானதுதான். அச்சடித்த டெண்டர் படிவத்தில் பெரும்பாலும் ஒரு புள்ளிகூட மாற்ற மாட்டார்கள். ஆனால் உள்ளூர் அலுவலகங்கள் நம்மோடு நேரடியாகப் போடும் ஒப்பந்தங்களில் கேட்டுப் பார்க்கலாம். நம் மாவட்டத்தில் வேலை, நம் மாவட்டத்தில் அலுவலகம், அப்புறம் எதற்குச் சென்னை? மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்க, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்க. மாற்றவில்லை என்றால், அந்தத் தூரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு, இந்த வேலை வேண்டுமா என்று கூட்டத்தில் முடிவு பண்ணுங்க. உத்யம் பதிவு கையில் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

கடைசியாக, கையெழுத்துப் போடும் நாளில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்க.

ஒப்பந்தத்தில் ஊர் பேர் எங்கே வருகிறது என்று தேடுங்க. "அதிகார வரம்பு", "நடுவர்", "இருக்கை" ஆகிய மூன்று சொல்லுக்கும் பென்சிலால் கோடு போடுங்க. ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லும் வரை கையெழுத்து வேண்டாம், உங்கள் பிள்ளைகளில் ஒருவரே படித்துச் சொல்லலாம். யார் பெயரில் ஒப்பந்தம் என்று பாருங்க. பதிவு இல்லாத குழு தன் பெயரில் வழக்குப் போடுவதில் சிக்கல் வரும். கூட்டமைப்பு சங்கமாகப் பதிவாகியிருந்தால் அதன் பெயரில் போடுவது நல்லது. கையெழுத்துப் போடுகிறவருக்கு அதிகாரம் கொடுத்து நிறைவேற்றிய தீர்மானம் தீர்மானப் புத்தகத்தில் இருக்கணும். உத்யம் பதிவை ஆர்டருக்கு முன்னாடி எடுங்க. ஒப்பந்தம், பணி ஆணை, டெலிவரி செலான், பில், அனுப்பிய கடிதம் எல்லாவற்றிலும் ஒரு நகல் கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் இருக்கட்டும். 45 நாள் தாண்டினால் 46ஆம் நாள் கடிதம் போகணும். போன் போதாது, கடிதம்.

நாம் வாரச் சேமிப்பில் ஒரு ரூபாய் கணக்கு விட்டுப் போனால் விடுவோமா? இரவு பத்து மணியானாலும் கணக்கு நேராகும் வரை எழுந்திருக்க மாட்டோம். அந்த ஒழுங்கை ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியிலும் காட்டுங்க, அவ்வளவுதான் நான் கேட்பது. சண்டை வந்த பிறகு எந்த ஊர் என்று யோசித்துப் பலனில்லை. கையெழுத்துப் போடுகிற அன்றைக்கே ஊர் முடிவாகிவிடுகிறது.

ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் என்னிடம் கொண்டு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.